புட்டிப்பாலும் கூலிப்பணமும்

பச்சிளங் குழந்தையின் வாயிற் சேரும் பால் எது என்பதைத் தாயின் அன்பே தீர்மானிக்கின்றது என நாம் பொதுவாக எண்ணுகின்றோம். கவிதையும் கதையும் அவ்வாறே சொல்லி வந்துள்ளன. ஆயின் வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். தாய்ப்பாலா, செவிலியின் பாலா, பசும்பாலா, ரின்பாலா, விலையுயர்ந்த பால்மாவா என்ற வினாவுக்கு விடையளித்தது பெரும்பாலும் அக்குடும்பத்தின் வருமானமே. அன்பு எல்லா வீடுகளிலும் இருந்தது. பணம் சில வீடுகளில் மட்டுமே இருந்தது. இவ்வுண்மையை மறைத்து, இறந்த குழந்தைகளுக்காகத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவி வந்துள்ளது. அவ்வழக்கின் வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

தாய்ப்பாலுக்கு முதன்முதலில் விலை குறித்தவர்கள் ஆலை முதலாளிகள் அல்லர். செவிலித்தாயை அமர்த்தும் வழக்கம் மிகப் பழையது. 1780ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரப் பொலிஸ் தலைவராயிருந்த லெனுவார் என்பவர் ஒரு கணக்குக் கொடுத்தார். அந்நகரில் ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் ஆயிரம் மட்டுமே பெற்ற தாயிடம் பால் குடித்தன. இன்னோர் ஆயிரம் தம் இல்லத்திலேயே அமர்த்தப்பட்ட செவிலியரிடம் குடித்தன. எஞ்சியவை யாவும் வெளியிடங்களிலுள்ள செவிலியரிடம் அனுப்பப்பட்டன. இல்லத்திலே செவிலியை வைத்துப் போற்றும் வசதி செல்வர்க்கே இருந்தது. கணவனோடு சேர்ந்து தானும் உழைத்தாலன்றி வீட்டு வாடகை கொடுக்க இயலாத கைவினைஞனின் மனைவியோ, தன் குழந்தையைக் குறைந்த கூலிக்குப் பாலூட்டும் ஓர் ஏழைக் கிராமத்துப் பெண்ணிடம் அனுப்பினாள். அக்கிராமத்துப் பெண்ணின் சொந்தக் குழந்தை எதைக் குடித்தது என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை. இயந்திர யுகம் பிறக்குமுன்னரே குழந்தையின் பால் வருமானத்துக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டுவிட்டது என்பதற்கு இது சான்றாகும்.

கைத்தொழிற் புரட்சி இப்பிரிவை மேலும் கூர்மையாக்கிற்று. இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்துப் பஞ்சாலைகள் பெண்களை ஆயிரக்கணக்கில் உள்வாங்கின. விடியற்காலையில் ஆலைக்குச் சென்று மாலையில் மீளும் பெண், தன் சிசுவை அயல்வீட்டுக் கிழவியிடமோ மூத்த மகளிடமோ விட்டுச் சென்றாள். ரொட்டியைத் தண்ணீரிற் கரைத்த கூழ் அதன் உணவாயிற்று. பசியால் அழுதால் 'கொட்ஃப்ரியின் மருந்து' எனப்பட்ட அபின் கலந்த பாகு அதனை உறங்கவைத்தது.

1861ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டது. பஞ்சு வரத்து நின்றது, ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர் பட்டினியால் வாடினர். அக்காலத்தில் தொழிலாளரின் நிலையை ஆராயும்படி அரசினால் அனுப்பப்பட்ட டாக்டர் எட்வேட் சிமித், விசித்திரமான ஓர் உண்மையைக் கண்டார். வேலையிழந்த தாய்மாருக்குத் தம் குழந்தைகட்கு அபின் பாகைக் கொடாது பால் கொடுக்க அவகாசம் கிடைத்திருந்தது. கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற் பாகத்தில் இதனை எடுத்துக்காட்டினார். தாயின் கூலி நின்றபோது குழந்தைக்குப் பால் கிடைத்தது. கூலி கிடைத்தபோது பால் நின்றது. உழைப்பும் தாய்மையும் ஒன்றையொன்று கொல்லும்படி அமைந்த ஒரு சமுதாயத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவரும் கூறிவிட முடியாது.

இந்த வெற்றிடத்திலேதான் விஞ்ஞானமும் வியாபாரமும் கைகோத்து நுழைந்தன. 1856இல் அமெரிக்கராகிய கேல் போர்டன் பாலைச் சுண்டவைத்துத் தகரத்தில் அடைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1865இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் யுஸ்டுஸ் லீபிக், பசும்பால், கோதுமை மா, முளைத்தானிய மா, பொட்டாசியம் பைக்காபனேற்று ஆகியவற்றைக் கூட்டிக் குழந்தைக்கான ஓர் உணவை வகுத்தார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஆன்றி நெஸ்லே பாலும் கோதுமையும் சீனியும் சேர்ந்த மாவொன்றை விற்கத் தொடங்கினார். அதனைத் தண்ணீரிற் கரைத்தாலே போதும்.

இக்கண்டுபிடிப்புக்களை நாம் இகழ வேண்டியதில்லை. தாயை இழந்த குழந்தைக்கும் பால் சுரவாத தாய்க்கும் இவை உதவக் கூடியவை. ஆயின் ஒரு பண்டம் சந்தைக்கு வந்துவிட்டால் அது தேவையுள்ளோரை நாடிச் செல்வதில்லை. விலை கொடுப்போரையே நாடிச் செல்லும். அதுவும், கொடுக்கும் விலைக்கேற்ற தரத்திலேயே செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரே வயதுக் குழந்தைகள் மூவகைப் பாலைக் குடித்தன. வேலைக்காரர் வைத்திருந்த வீட்டில் நல்ல பசும்பாலும் வைத்தியர் பரிந்துரைத்த விலையுயர்ந்த உணவுகளும் இருந்தன. இடைத்தர வீட்டில் கடையில் விற்ற மாவுணவுகள் இருந்தன. சேரிகளில் இருந்ததோ ஆடை நீக்கிச் சீனியிட்டுச் சுண்டிய மலிந்த ரின்பால். சீனி மிகுதியால் அது எளிதிற் கெடாது. பால் வைக்கக் குளிர்ந்த இடமோ மூடிய அலுமாரியோ இல்லாத ஓர் அறைக் குடித்தனத்திற்கு அது பொருத்தமாகத் தோன்றிற்று. அதில் கொழுப்பு இல்லை. கொழுப்போடு சேர்ந்த ஏ, டி விற்றமின்களும் இல்லை. சீனியினால் குழந்தை கொழுத்துத் தோன்றும். ஆனால் அதன் எலும்பு மென்மையாகி வளையும். வயிற்றோட்டம் வந்தால் தாங்காது. அக்காலத்தில் பரவலாக விற்ற பாற்புட்டியோ நீண்ட இறப்பர்க் குழாய் உடையது. குழந்தை தானே படுத்தவாறு உறிஞ்சிக் கொள்ளும். தாய் வேலையைப் பார்க்கலாம். குழாயின் உட்புறத்தைக் கழுவுவதோ அரிது. கோடைகாலத்தில் அது கிருமிகளின் வீடாயிற்று.

இதன் விளைவைக் கணக்குகள் கூறுகின்றன. 1899இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள் 163 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. அதே ஆண்டில் சீபோம் ரௌன்ட்றி என்பவர் யோர்க் நகரை வீடு வீடாக ஆராய்ந்து 1901இல் தம் நூலை வெளியிட்டார். அந்நகரின் மிக வறிய பகுதியில் ஆயிரத்துக்கு 247 குழந்தைகள் இறந்தன. வேலைக்காரர் வைத்திருந்த வர்க்கத்தில் 94 மட்டுமே இறந்தன. ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே ஆறு. எனினும் ஒரு குழந்தை பிறந்த தெரு எது என்பதே அது வாழுமா என்பதைப் பெரிதும் நிர்ணயித்தது. இவ்வேறுபாட்டுக்குப் பால் மட்டும் காரணமன்று. நெருக்கமான குடியிருப்பும் கழிவகற்றாத தெருவும் காரணங்களே. ஆனால் இவை யாவும் குழந்தையின் உடலுக்குள் நுழையும் வாயிலாகப் பாற்புட்டி அமைந்தது.

அரசாங்கம் செய்தது யாது? 1899ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஆடை நீக்கிய சுண்டற்பாலின் தகரத்தில் அச்செய்தியைத் தெளிவாக அச்சிடுமாறு பணித்தது. எழுத்து அச்சிடப்பட்டது, பால் தொடர்ந்து விற்பனையாயிற்று. பின்னர், இப்பால் குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கையும் தகரங்களில் இடம்பெறலாயிற்று. எச்சரிக்கையை வாசிக்கத் தெரிந்த தாய்க்கும் வேறு பால் வாங்கப் பணம் இருக்கவில்லை.

இவ்விடத்திலேதான் அவ்வழக்கின் இரு கட்சிகளும் எதிரெதிரே நிற்கின்றன. 1906இல் டாக்டர் ஜோர்ஜ் நியூமன் சிசு மரணம் பற்றிய ஒரு நூலை எழுதினார். இலண்டனின் பின்ஸ்பரிப் பகுதியில் சுகாதார வைத்திய அதிகாரியாயிருந்த இவர், பின்னாளில் அரசின் தலைமை வைத்திய அதிகாரியாக உயர்ந்தவர். சிசு மரணம் வறுமையின் பிரச்சினையன்று, முதன்மையாகத் தாய்மையின் பிரச்சினையே என்பது அவர் முடிபு. தாய்மாருக்கு அறிவு புகட்டினால் குழந்தைகள் பிழைக்கும் என்ற இக்கருத்து ஆளும் வர்க்கத்துக்கு மிகவும் உவப்பாயிருந்தது. அறிவுரைக்குச் செலவு குறைவு அன்றோ? கூலியை உயர்த்த வேண்டியதில்லை, வீடுகளைக் கட்டவேண்டியதில்லை, துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டாற் போதும்.

இதற்கு மறுமொழி 1913இல் வந்தது. பேபியன் பெண்கள் குழுவைச் சேர்ந்தோர் 1909 தொடங்கி இலண்டனின் லம்பெத் பகுதியில், வாரம் ஏறத்தாழ ஒரு பவுண் வருமானமுள்ள குடும்பங்களின் வரவு செலவை வாரந்தோறும் எழுதி ஆராய்ந்தனர். அவர்கள் சந்தித்தோர் பரம ஏழைகள் அல்லர்; ஒழுங்காக வேலைக்குச் செல்லும் தொழிலாளரின் மனைவியர். அவ்வாராய்ச்சியை நூலாக்கிய மோட் பெம்பர் ரீவ்ஸ் அம்மையார் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். நல்ல பால் ஒரு குவாட்டு, அதாவது இரண்டு பைந்து, நான்கு பென்சு. பால்குடி மறந்த ஒரு குழந்தைக்கு நாளுக்கு ஒரு குவாட்டு வேண்டுமெனின் வாரச் செலவு இரண்டு சிலிங் நான்கு பென்சு. முழுக் குடும்பத்தின் ஒரு வார உணவுக்கும் கையில் எஞ்சுவதோ எட்டு அல்லது ஒன்பது சிலிங். ஒரு குழந்தையின் பாலுக்கே நாலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால், உழைக்கப் போகும் தந்தைக்கும் ஏனைய பிள்ளைகளுக்கும் என்ன மிஞ்சும்? ஆகவே தாய் மலிந்த ரின்பாலை வாங்கினாள். அவள் அறியாமையால் வாங்கவில்லை. கணக்கை அறிந்திருந்தமையாலேயே வாங்கினாள். நியூமன் தாயின் தலையிற் கண்ட குறையை ரீவ்ஸ் அம்மையார் அவள் கைப்பையிற் கண்டார்.

இவ்விரு கட்சிகளுள் எது சரி என்பதை அக்காலத்துப் பரிசோதனைகளே காட்டத் தொடங்கின. 1894இல் பிரான்சின் பெக்காம் துறைமுக நகரில் டாக்டர் லேயோன் டுபூர் 'பாற்றுளி' எனப் பொருள்படும் பெயரில் ஒரு பால் நிலையத்தை நிறுவினார். அங்கே தூய்மையாக்கிய பால் குடும்பத்தின் வசதிக்கேற்ற விலையில் வழங்கப்பட்டது. 1899இல் இங்கிலாந்தின் சென் ஹெலன்ஸ் நகரசபை இதனைப் பின்பற்றியது. இவை சிறிய முயற்சிகள். மிக வறியோர்க்கு இவற்றின் பாலும் எட்டவில்லை. தேசம் முழுவதற்குமான பரிசோதனை வருவதற்கு ஓர் உலக யுத்தம் வேண்டியிருந்தது. 1940 யூலை மாதத்திற் பிரித்தானிய அரசு தேசிய பால் திட்டத்தைத் தொடங்கிற்று. கருவுற்ற தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைந்துப் பால் இரண்டு பென்சு என்ற சலுகை விலையில் வழங்கப்பட்டது. வருமானம் குறைந்தோர்க்கு அது இலவசம். குழந்தைகட்கென அரசே தேசிய பால்மாவையும் விநியோகித்தது. குண்டுகள் விழுந்த அவ்வாண்டுகளில், 1941இல் ஆயிரத்துக்கு 60 ஆக இருந்த சிசு மரணம் 1945இல் 46 ஆகக் குறைந்தது. இதற்குப் பங்கீட்டு முறையும் வேலை வாய்ப்பும் உதவின என்பது மெய்யே. ஆயினும் பாலை வருமானத்திலிருந்து பிரித்தெடுத்தால் குழந்தைகள் பிழைக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கிற்று. நாற்பதாண்டு அறிவுரை சாதியாததை ஒரு பைந்துப் பால் சாதிக்கத் துணை நின்றது.

தாயகத்தில் இவ்வாறு பாடம் படித்த பேரரசு, குடியேற்ற நாடுகளில் அப்பாடத்தை நடைமுறைப்படுத்தவில்லை. இங்கிலாந்தின் சேரிகளுக்கு ஏற்றதன்று எனக் கூறப்பட்ட அதே சீனிப்பால் கீழைத் தேசங்களுக்குக் கப்பலேறிற்று. யமேக்காவிற் பிறந்து, ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் குழந்தை வைத்தியராகப் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1936இற் சிங்கப்பூருக்கு வந்தார். கம்பனிகள் பெண்களுக்குத் தாதியரின் உடை அணிவித்துத் தொழிலாளர் குடியிருப்புக்களுக்கு அனுப்புவதையும், தாய்ப்பால் நிறைந்த மார்போடு இருந்த தாய்மார் அவர்களின் சொற்கேட்டு ரின்பாலுக்கு மாறுவதையும், பின்னர் அக்குழந்தைகள் தம் ஆஸ்பத்திரிக்கு வருவதையும் அவர் கண்டார். 1939இற் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தின் முன்னிலையில், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அவர் உரையாற்றினார். தகாத பாலைப் பரப்பும் பிரசாரம் கொலைக்கு ஒப்பாகத் தண்டிக்கப்பட வேண்டியது என்பது அவ்வுரையின் சாரம். அவ்வுரை அன்று மேடையோடு நின்றுவிட்டது.

யுத்தத்தின் பின் சில காலத்தில் செல்வ நாடுகளிற் பிறப்பு வீதம் குறையத் தொடங்கியது. கம்பனிகளின் நாட்டம் ஆசியா, ஆபிரிக்கா, கரீபியன் தீவுகளின் பால் மேலும் திரும்பியது. முன்னர் ஏழைக்குக் கிட்டியது மலிந்த, தரங்குறைந்த பால். இப்பொழுது அவனுக்குக் காட்டப்பட்டதோ நல்ல பால்மா. அதன் விலைதான் அவன் சக்திக்கு அப்பாற்பட்டது. 1970களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் மூன்று மாதக் குழந்தையைப் பால்மாவில் வளர்க்க நகரத் தொழிலாளியின் அடிப்படைக் கூலியில் ஏறத்தாழ 30 வீதம் வேண்டியிருந்தது. ஆறு மாதமானால் 47 வீதம். இத்தகைய நிலையில் தாய் என் செய்வாள்? கரண்டிகளைக் குறைப்பாள், தண்ணீரைக் கூட்டுவாள். 1969இல் பார்படோசில் நடந்த போசாக்கு ஆய்வு, புட்டிப்பால் கொடுத்த குடும்பங்களுள் 82 வீதமானவை நான்கு நாளைக்குரிய தகரத்தை ஐந்து நாள் முதல் மூன்று வாரம் வரை இழுத்துச் சமாளித்ததைக் கண்டது. புட்டியிலுள்ள பால் எவ்வளவு நீர்த்திருந்தது என்று அளந்தால், அக்குடும்பத்தின் கூலி எவ்வளவு மெலிந்திருந்தது என்று அறிந்துவிடலாம்.

1974இல் பிரித்தானியாவின் 'வறுமைக்கெதிரான போர்' என்னும் அமைப்பு, மைக் மல்லர் எழுதிய சிறு நூலொன்றால் இவ்வுண்மைகளை உலகறியச் செய்தது. அதனை ஜெர்மன் மொழியில் மேலும் கடுமையான தலைப்போடு வெளியிட்ட சுவிற்சர்லாந்துக் குழுவொன்றின் மீது நெஸ்லே கம்பனி மானநட்ட வழக்குத் தொடர்ந்தது. 1976இல் பதின்மூவருக்கு ஆளுக்கு 300 பிராங் தண்டம் விதித்த நீதிபதி, கம்பனியும் தன் விளம்பர முறைகளை மீளாய்வு செய்யவேண்டும் எனக் கூறினார். 1977இல் அமெரிக்காவிற் பகிஷ்கரிப்பு இயக்கம் தோன்றிற்று. 1978இல் அமெரிக்க மேற்சபையின் விசாரணையில், அசுத்தமான நீரில் கரைக்கப்படும் பாலைப்பற்றி வினவியபோது, நீர் விநியோகத்துக்குத் தாம் எவ்வாறு பொறுப்பாக முடியும் என்று அக்கம்பனியின் பிரேசில் கிளைத் தலைவர் கேட்டார்.

இங்கே வாசகர் ஒரு முரணைக் கவனித்தல் வேண்டும். 1906இல் அதிகாரத்திலிருந்தோர், காரணம் வறுமையன்று, தாயே என்றனர். 1970களில் பாலை விற்றோர், காரணம் தாமல்லர், வறுமையே என்றனர். வறுமையை மறுப்பதும் வறுமையைக் காட்டித் தப்புவதும் ஒரே நலனின் இரு முகங்களாம். வறுமை இருப்பதை அறிந்தே ஒருவன் அங்கு தன் பண்டத்தை விற்கச் செல்வானாயின், அதன் விளைவுக்கு அவனும் பொறுப்பாளியே.

1981 மே மாதத்தில் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாற் பதிலீடுகளின் சந்தைப்படுத்தல் பற்றிய ஒழுக்கக் கோவையை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரித்தன. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கை 1983இல் தனது கோவையைச் சட்ட ஒழுங்காக்கியது. ஊர்தோறும் வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவமாதரின் உழைப்பு இதற்குப் பக்கபலமாயிற்று. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் இஃதொன்று. பொதுச் சுகாதாரம் இலவசமாகவும் பரவலாகவும் இருப்பின் எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு இது நற்சான்று.

எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2025 பெப்ருவரியில் பிரித்தானியாவின் போட்டி, சந்தை அதிகாரசபை வெளியிட்ட அறிக்கை கவனத்துக்குரியது. அங்கு விற்கப்படும் குழந்தைப் பால்மாக்கள் யாவும் சட்டம் விதித்த போசாக்கு அளவை நிறைவு செய்பவை. பிரபலமான ஒன்றை விட்டு மலிந்த ஒன்றை வாங்கினால் முதலாண்டிலேயே ஏறத்தாழ 300 பவுண் மீதமாகும். ஆயினும் விலை கூடியது சிறந்தது எனப் பெற்றோர் நம்புகின்றனர்; குறைந்த வருமானமுள்ளோரும் மற்றச் செலவுகளை ஒறுத்து அதையே வாங்குகின்றனர். அன்று ஏழைக்குத் தரங்குறைந்த பால் விற்கப்பட்டது. இன்று ஒரே தரமான பாலுக்கு அவனுடைய பாசத்தின் பெயரால் கூடிய விலை பெறப்படுகின்றது.

நம் நாட்டிலும் ஆறு மாதத்தின் பின், குறிப்பாக ஒரு வயது கடந்ததும், கதை மாறுகின்றது. இறக்குமதிப் பால்மாவையே நம்பிய வீடுகள் எத்தனை என்பதை 2022ஆம் ஆண்டு நெருக்கடி காட்டிற்று. 2021 ஒக்டோபரில் 480 ரூபாவாக உயர்ந்த 400 கிராம் பைக்கற், 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. கூலி அவ்வேகத்தில் உயரவில்லை. பார்படோசுத் தாய் செய்த கணக்கையே நம் தாய்மாரும் செய்யவேண்டியதாயிற்று.

தாய்ப்பால் இலவசம் என்பதும் முழு உண்மையன்று. அதற்குத் தாயின் நேரம் வேண்டும், அந்நேரத்துக்குக் கூலி வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்குமாறு சுகாதாரப் பகுதி அறிவுரை கூறுகின்றது. தனியார் துறையில் உழைக்கும் பெண்ணுக்குச் சட்டம் தருவது 84 நாள் விடுமுறை. எவ்வாறு எண்ணினும் அது ஆறு மாதத்தை எட்டாது. வீட்டு வேலைக்கும் நாட்கூலிக்கும் செல்லும் பெண்களுக்கு நடைமுறையில் அதுவும் இல்லை. மலைநாட்டுத் தோட்டங்களிற் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாயின் நிலையில், லங்காஷயர் ஆலைப் பெண்ணின் சாயலைக் காண்பது கடினமன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் தாய்ப்பால் வாரத்தில் சுவரொட்டிகள் வரைவதும் சொற்பொழிவாற்றுவதும் நன்றே. ஆனால் அச்சொற்பொழிவு தாயை நோக்கி மட்டுமே அமையுமாயின், நியூமனின் குரலையே நாம் எதிரொலித்தவராவோம். பிரசவ விடுமுறையை ஆறு மாதமாக்குதல், அதனை எல்லா உழைக்கும் பெண்களுக்கும் உரியதாக்குதல், வேலைத்தலங்களிற் குழந்தைக் காப்பகம் அமைத்தல், பால்மாவின் விலையையும் விளம்பரத்தையும் கட்டுப்படுத்தல் ஆகிய கோரிக்கைகள் அதே மேடையில் ஒலிக்கவேண்டும். ஒரு குழந்தையின் முதற் பசி அதன் தந்தை தாயரின் சம்பளப் பட்டியலைப் பார்த்துத் தீர்க்கப்படுமளவும், குழந்தைகள் யாவரும் சமம் என நாம் பாடப் புத்தகங்களில் எழுதி வைத்திருப்பது எழுத்தளவிலேயே நிற்கும்.